பதினேழாம் மாடியில் மீட்கப்பட்டவள்

சொரிமுத்து அந்தச் சனிக்கிழமை காலை பத்தேகாலுக்கு இறந்துபோக வேண்டும் என்பது பத்து நாளைக்கு முன்பே முடிவாகிவிட்டது. சம்மதித்து அவரே கையெழுத்தும் போட்டிருந்தார்.

அவர் கூட்டத்துக்குப் போனது அதற்காக இல்லை. ஒரு கருகல் வாடையைப் பற்றிச் சொல்லத்தான் போனார்.

தாராவியில் அவர் குடியிருந்த உதயாஞ்சல் டவர் இருபத்திரண்டு மாடி. ஒண்டுக்குடித்தனமாகக் கிடந்த வரிசை வீடுகளை இடித்துக் கட்டடத்தைக் கட்டி, அங்கே தரையில் இருந்தவர்களையே மேலே ஏற்றி வைத்திருந்தார்கள். சொரிமுத்துவுக்குப் பதினேழாவது மாடி, கதவு எண் 1704. லிஃப்ட் இரண்டு உண்டு. ஒன்று எப்போதும் ரிப்பேர், இன்னொன்றுக்கு எப்போதும் வரிசை. தையல் மிஷின் ரிப்பேர் பார்க்கிற மனிதர், வயசு ஐம்பத்தாறு. காலையில் கடை திறக்கப் போகிற அவசரத்திலும் மதியம் சாப்பிட வருகிற பசியிலும் வரிசையில் நிற்கப் பொறுக்காமல் படியில் ஏறிவிடுவார். பதினோராவது மாடியில் நின்று மூச்சு வாங்குவார். அங்கேதான் மூன்று வாரமாக ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாடை. கரண்ட் வயர்களெல்லாம் கீழிருந்து மேலே போகிற டக்ட்டின் கதவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுட்டது.

குடியிருப்போர் சொசைட்டி செக்ரட்டரி ஞானதுரையிடம் சொன்னார். ஞானதுரை பாத்திரக்கடைக்காரர். எதையும் இல்லை என்று சொல்லமாட்டார், நாளைக்கு என்றுதான் சொல்வார்.

"அண்ணாச்சி, நீங்க சரியான நேரத்துல வந்திருக்கிய. புதன்கிழமை மீட்டிங் இருக்கு. பெரிய ஆபீசர் வாறாரு. மீட்டிங்கே தீயைப் பத்தித்தான். அங்கன எந்திச்சுச் சொல்லுங்க."

புதன்கிழமை வந்த ஆபீசரின் பெயர் கார்கானிஸ். உயர்மாடி ஆபத்துக்கால ஆயத்த ஒருங்கிணைப்பு மையத்தின் இயக்குநர். வெள்ளைச் சட்டைக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் கையில்லாத ஜாக்கெட் போட்டிருந்தார். அதன் முதுகில் 'கமாண்டர்' என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. இந்தியில் பேசினார், நிதானமாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கைதட்டலுக்கு இடம் விட்டு.

"ஆபத்து எப்போது வேண்டுமானாலும் வரலாம். அதனால்தான் அதை வருகிற சனிக்கிழமை விட்டு அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வைத்திருக்கிறோம். நான்காவது மாடியில் தீப்பிடிக்கும். பன்னிரண்டு பேருக்குக் காயம், மூன்று பேர் மரணம். எல்லாம் தீர்மானமாகிவிட்டது. காயத்துக்கு ஏராளமான பேர் முன்வந்திருக்கிறார்கள், கட்டுப் போட்டுப் போட்டோ எடுப்போம் என்பதால். மரணத்துக்குத்தான் ஓர் ஆள் குறைகிறது. இந்தக் கட்டடத்தில் பொறுப்புள்ள குடிமகன் ஒருவர்கூடவா இல்லை?"

அந்த நேரம் பார்த்துச் சொரிமுத்து கையைத் தூக்கினார். மண்டபம் முழுக்கக் கைதட்டியது.

"சாஹேப், அதுக்கில்ல. பதினோராவது மாடியில..."

"இறந்தவர்களுக்குத் தனியாக வகுப்பு உண்டு. சந்தேகங்களை அங்கே கேளுங்கள்" என்றார் கார்கானிஸ்.

அந்த வகுப்பை எடுத்தது உமாமகேஸ்வரி என்கிற பெண். மையத்தில் பதிவேடு பார்க்கிறவள், செம்பூரிலிருந்து வருகிறவள். தமிழ் பேசுவாள், எழுத்தைக் கண்டால் திணறுவாள்.

"அங்கிள், நீங்க சும்மா படுத்தாப் போதும். பாக்கி எல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

"படுத்துக்கிடுதேன்மா. அதுக்கு முன்னாடி ஒண்ணு. பதினோராவது மாடி டக்ட்டுல கருகுத வாடை அடிக்கி. கதவு கை வைக்க முடியல."

உமாமகேஸ்வரி தன் தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். நிஜமாகவே அக்கறையோடுதான் பார்த்தாள். "ஸாரி அங்கிள். நம்ம தீ நாலாவது மாடி. பதினோராவது மாடி இந்த வருஷ ப்ளான்லயே இல்ல. அடுத்த வருஷத்துக்கு எழுதிக்கட்டுமா?"

எழுதிக்கொண்டாள்.

சொரிமுத்துவின் மனைவி நாகலக்ஷ்மி வீட்டில் படுக்கையோடு கிடந்தாள். மாஹிம் ஸ்டேஷன் படியில் ஈரத்தில் வழுக்கி இடுப்பெலும்பு விட்டுப்போய், உள்ளே தகடு வைத்துத் தைத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மையத்திலிருந்து வீடு வீடாக வந்து கணக்கெடுத்தபோது, தானாக நடக்க முடியாதவர் என்று அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் வட்டம் போட்டார்கள். அவளைக் கீழே தூக்கிக்கொண்டு வருவதுதான் ஒத்திகையின் சிகரம் என்று கார்கானிஸ் மகிழ்ந்துபோனார். இரண்டு நாளில் அந்த மகிழ்ச்சி மாறி, வீட்டுக்கே வந்து விளக்கம் சொன்னார்.

"நிஜ நோயாளியைத் தூக்கினால் ஏதாவது ஆகிவிடும். ஒத்திகையில் யாருக்கும் எதுவும் ஆகக்கூடாது. எனவே உங்கள் மனைவிக்குப் பதிலாக ஒரு கல்லூரி மாணவியை மீட்கிறோம். அவள் எடையும் குறைவு."

"அப்ப நெசமாத் தீப்பிடிச்சா என்னைய யாரு தூக்குவா?" என்று நாகலக்ஷ்மி படுத்தபடியே கேட்டாள். சொரிமுத்து இந்தியில் சொன்னார்.

"அம்மா, அதற்குத்தானே இந்த ஒத்திகை" என்றார் கார்கானிஸ். போகும்போது அவள் தலைமாட்டில் ஒரு துண்டுப் பிரசுரம் வைத்துவிட்டுப் போனார். 'பதறாதீர்கள், படியில் இறங்குங்கள்' என்று அதில் இருந்தது.

சனிக்கிழமை வந்தது. கட்டடத்தின் வாசல் முழுவதையும் அடைத்து ஷாமியானா போட்டிருந்தார்கள். தீயணைப்பு வண்டி நிற்பதற்கென்று தரையில் மஞ்சள் கோடு போட்ட இடத்தில் பிரமுகருக்கு சோபா. அதனால் வண்டி கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்றது. அதோடு வந்திருந்த அதிகாரி தண்டேல் நரைத்த மீசையும் கனத்த பூட்ஸுமாக ஓர் ஓரத்தில் நின்றார். கமாண்டர் கொடி காட்டும்வரை அவர் நகரக் கூடாது என்று நிகழ்ச்சிநிரலில் இருந்தது. ராட்சத டிவித் திரை, எட்டு ஸ்பீக்கர், பிரமுகருக்கு இரண்டு ஏர்கூலர், நான்காவது மாடி ஜன்னலில் வெள்ளைப் புகை விடுகிற ஒரு மிஷின். அத்தனைக்கும் கட்டடத்தின் மீட்டர் ரூமிலிருந்தே வயர் இழுத்திருந்தார்கள். கட்டடத்தின் நிஜ அலாரத்தை மெயினிலேயே அணைத்துவைத்தார்கள், ஒத்திகை நடக்கும்போது அது குறுக்கே அடித்துத் தொந்தரவு செய்யக் கூடாது என்று. அலாரச் சத்தம் ஸ்பீக்கரில் வந்தது.

நாற்பது பேருக்கு மஞ்சள் டீ-ஷர்ட் கொடுத்து, தப்பித்து வருகிறவர்கள் என்று தேர்ந்தெடுத்திருந்தார்கள். மற்றவர்கள் கூட்டம் சேர்க்காமல், லிஃப்ட்டையும் படியையும் பயன்படுத்தாமல், கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று முதல்நாளே மைக்கில் சொல்லியாகிவிட்டது.

சொரிமுத்து பத்தேகாலுக்கு இறந்தார். ஒரு ஜமுக்காளத்தில் அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்தில் 'மரணம் - 3' என்று கறுப்பு அட்டை மாட்டினார்கள். பதினொன்றரை வரை அசையக் கூடாது. அவருக்கு வலதுபக்கம் மரணம் இரண்டு குறட்டைவிட்டது. வெயில் முகத்தில் அடித்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள், தேங்காய் உடைத்தார்கள், பிரமுகர் ஆபத்தை வரவேற்றுப் பேசினார். நான்காவது மாடியில் வெள்ளைப் புகை கிளம்பியது. மஞ்சள் சட்டைக்காரர்கள் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்கள். காலில் கட்டுப் போட்ட மாணவியை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வந்தார்கள். ஸ்பீக்கரில் உமாமகேஸ்வரியின் குரல் கேட்டது: "ரூம் நம்பர் 1704, பத்து ஐம்பத்திரண்டு, மீட்கப்பட்டது." எல்லோரும் கைதட்டினார்கள்.

மல்லாக்கக் கிடந்ததால் சொரிமுத்துவுக்குத்தான் அது முதலில் தெரிந்தது. வெள்ளைப் புகைக்கு எவ்வளவோ மேலே, வரிசையாக எண்ணிப் பார்த்தால் பதினோராவது மாடியில், படிக்கட்டு ஜன்னலிலிருந்து கறுப்பாக ஒன்று நாக்கு நீட்டியது. உள்ளே போனது. மறுபடி வந்தபோது தடியாக வந்தது, உருண்டு உருண்டு மேலே ஏறியது.

டிவித் திரை அணைந்தது. ஸ்பீக்கர் நின்றது. கூலர் நின்றது. பிரமுகர் துண்டால் விசிறிக்கொண்டார்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. இறந்த நிலையிலேயே எடுத்துக் காதில் வைத்தார்.

"இங்கேருங்க" என்றாள் நாகலக்ஷ்மி. "கரண்ட் போயிட்டு. ட்ரில்லுப் புகைன்னு சொன்னிய, இது என்ன கண்ணு இப்படி எரியுது? கதவுக்கு அடியில கருகருன்னு வருதே."

"கதவைத் தொறக்காத. நான் வாறேன்."

"நான் எங்கேருந்து தொறக்க? எந்திக்க முடிஞ்சாத்தானே."

அவர் எழுந்து உட்கார்ந்தார். தொண்டர்கள் இருவர் ஓடிவந்து தோளைப் பிடித்து அழுத்தினார்கள். "காகா, நீங்க டெட். இன்னும் அரை மணி இருக்கு."

"மேல பாருங்கடே! நெசத் தீ!"

அவர்கள் மேலே பார்த்தார்கள். கார்கானிஸும் அண்ணாந்து பார்த்தார். பிரமுகரிடம் குனிந்து, "நமது ஏற்பாட்டாளர் இரண்டாவது புகையும் வைத்திருக்கிறார் போல. எவ்வளவு தத்ரூபம்!" என்றார். பிரமுகர் கைதட்டினார். அவர் தட்டியதால் நூற்றைம்பது பேர் தட்டினார்கள்.

சொரிமுத்து தொண்டர்களை உதறிவிட்டு, கறுப்பு அட்டை நெஞ்சில் ஆட, கார்கானிஸின் முன்னால் போய் நின்றார். "சாஹேப், அது உங்க புகை இல்ல. வெள்ளைதான் உங்க புகை. இது டக்ட்டு எரியுது. என் பொஞ்சாதி பதினேழாவது மாடியில கெடக்கா."

கார்கானிஸ் உமாமகேஸ்வரியைப் பார்த்தார். "இவர் யார்?"

"மரணம் மூணு, சார்."

"இறந்தவர்கள் நேரடியாகத் தகவல் தரக்கூடாது. கட்டளைச் சங்கிலி குழம்பிவிடும்." பிறகு, குரலைத் தணித்து, கனிவாக: "பெரியவரே, உங்கள் மனைவி மீட்கப்பட்டுவிட்டார். பத்து ஐம்பத்திரண்டுக்கு. பதிவேட்டில் இருக்கிறது."

"நான் இங்கதான் இருக்கேன் அங்கிள், பயப்படாதீங்க" என்று அந்த மாணவியும் கட்டுப்போட்ட காலை ஆட்டிக் காட்டினாள். கையில் பாதி சமோசா இருந்தது.

சொரிமுத்து கையிலிருந்த போனை அப்படியே கார்கானிஸின் முகத்துக்கு நேராக நீட்டினார். போனில் நாகலக்ஷ்மி இருமிக்கொண்டிருந்தாள். விடாமல், மூச்சு எடுக்க இடமில்லாமல் இருமினாள்.

அதற்குள் தண்டேல் கொடிக்குக் காத்திராமல் கிட்டே வந்துவிட்டார். ஒரே கேள்விதான் கேட்டார். "மேலே ஆள் இருக்கிறார்களா?"

"பட்டியல்படி யாரும் இல்லை" என்றார் கார்கானிஸ். "அப்படியே நிஜமாக இருந்தாலும், ஒத்திகையை நிஜமாக மாற்ற ஒரு படிவம் இருக்கிறது. இணை இயக்குநரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் இன்று லீவு."

தண்டேல் உமாமகேஸ்வரியைப் பார்த்தார். அவள் பதிவேட்டைப் பார்த்தாள், பிறகு மேலே பார்த்தாள். கறுப்புப் புகை இப்போது பதினைந்தாவது மாடியைத் தொட்டிருந்தது. பதினான்காவது மாடி ஜன்னல் ஒன்றிலிருந்து யாரோ சிவப்புத் துணியை ஆட்டினார்கள். அவள் பேனாவை எடுத்தாள். 1704 என்ற வரியை அடித்தாள், அதற்குக் கீழே இருந்ததையும் அடித்தாள், பக்கம் முழுக்கக் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள்.

"இருக்காங்க சார்" என்றாள் தண்டேலிடம். "பதினொண்ணுக்கு மேல எல்லா வீட்டுலயும் இருக்காங்க. நாங்கதான் கதவைச் சாத்திட்டு உள்ளயே இருக்கச் சொன்னோம். அலாரமும் ஆஃப்."

"அடித்தல் திருத்தலுக்கு யார் அனுமதி கொடுத்தது?" என்று கார்கானிஸ் கேட்டபோது தண்டேல் அங்கே இல்லை. வண்டி உள்ளே வர வழியில்லாததால் அவருடைய ஆட்கள் ஷாமியானாவின் கயிறுகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவரும் இரண்டு பேரும் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு முன்படியில் ஓடினார்கள்.

சொரிமுத்து பின்பக்கம் ஓடினார். அந்தக் கட்டடத்துக்கு இரண்டு படிக்கட்டு. பின்பக்கத்துப் படியில் வெளியாட்கள் வந்து உட்காருகிறார்கள் என்று சொசைட்டியில் தீர்மானம் போட்டு, மூன்றாவது மாடியில் இரும்பு கிரில் வைத்து மூடி ஒரு வருஷமாகிறது. அவரும் கையைத் தூக்கி ஆதரித்த தீர்மானம்தான் அது. கிரிலைப் பிடித்து உலுக்கினார். அசையவில்லை. பேண்ட் பையில் எப்போதும் கிடக்கிற திருப்புளியை எடுத்துக் கீலில் இருந்த திருகாணிகளில் வைத்தார். முப்பது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு திருகாணி கழற்றிய கை, அன்றைக்கு இரண்டு முறை வழுக்கியது. முதல் திருகாணி வந்தது. இரண்டாவது துருப்பிடித்துக் கிடந்தது. எச்சிலைத் துப்பி அழுத்தினார். மேலே எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. திருப்புளியின் முனை உள்ளங்கையைக் கிழித்தது. நான்காவது திருகாணி விழுந்ததும் கிரில் ஒருபக்கமாகச் சாய்ந்தது. அதை உதைத்துத் தள்ளிக்கொண்டு ஏறினார்.

ஆறாவது மாடியில் யாரோ பழைய வாஷிங்மிஷினை வைத்திருந்தார்கள். அதன் மேலேறிக் குதித்தார். எட்டாவது மாடியில் தப்பித்து வருகிறவர்கள் ஒதுங்குவதற்கென்று விட்ட இடம் நிறையக் கணபதிப் பந்தல் சட்டங்கள் அடுக்கிக் கிடந்தன. பதினோராவது மாடியில் எப்போதும் நின்று மூச்சு வாங்குகிற மனிதர், அன்றைக்கு மூச்சை அடக்கிக்கொண்டு தாண்டினார். நடைக்கதவின் இடுக்கு வழியே புகை பின்படிக்கும் கசிய ஆரம்பித்திருந்தது.

பதினேழாவது மாடியில் 1704 கதவு திறந்தே கிடந்தது. அடுத்த வீட்டு ரஷீதா உள்ளே இருந்தாள். மையத்துக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கச் சொன்னதை அவள் ஒருத்திதான் கேட்கவில்லை. வெளியே வந்து புகையைப் பார்த்திருக்கிறாள், அடுத்த வீட்டு அக்காவால் எழுந்திருக்க முடியாதே என்று தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்திருக்கிறாள். நாகலக்ஷ்மியைப் படுக்கையோடு ஜன்னல் பக்கம் இழுத்து, முகத்தில் ஈரத் துண்டைப் போட்டிருந்தாள்.

"அண்ணே, முன்படிக்குப் போயிராதிய. இருட்டிக் கெடக்கு."

"பின்படி தொறந்தாச்சு. அந்தப் பிளாஸ்டிக் சேரை எடும்மா."

இருவருமாக நாகலக்ஷ்மியைத் தூக்கிச் சேரில் உட்காரவைத்தார்கள். அவள் ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு ரஷீதா அழுதுவிட்டாள். அழுதுகொண்டே தன் துப்பட்டாவால் அவளைச் சேரோடு சேர்த்துக் கட்டினாள். அவர் முன்னால் சேரின் காலைப் பிடிக்க, ரஷீதா பின்னால் முதுகைப் பிடிக்க, இறங்கினார்கள். மாடிக்கு மாடி ரஷீதா கதவுகளைக் காலால் உதைத்து, தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் கத்தினாள். கதவுகள் திறந்தன. கைக்குழந்தைகளோடும் குக்கர் அணைத்த கையோடும் சனங்கள் பின்னால் சேர்ந்தார்கள். மஞ்சள் டீ-ஷர்ட் ஒருவர் உடம்பிலும் இல்லை.

பன்னிரண்டாவது மாடித் திருப்பத்தில் கண் தெரியவில்லை. அடுத்த படி எங்கே என்று காலால் தடவித் தடவி வைத்தார். தொண்டைக்குள் கரி இறங்கியது. கால் ஒரு படி தப்பியது. சேர் ஒருபக்கம் சரிந்தது.

"என்னைய இங்கன எறக்கிட்டு நீங்க போங்க" என்றாள் நாகலக்ஷ்மி. "பின்னால பிள்ளைய வருது. வழியில நிக்காதிய."

"ஏட்டி, வாயை மூடிக்கிட்டு வா. புகை உள்ள போயிரும்."

கீழிருந்து ஒரு டார்ச் வெளிச்சம் வந்தது. தண்டேலின் ஆட்களில் ஒருவன் பின்படி திறந்திருப்பதைக் கண்டு இந்தப் பக்கமாக ஏறி வந்திருந்தான். கேள்வி எதுவும் கேட்கவில்லை. சேரின் ஒரு காலைத் தன் தோளில் வாங்கிக்கொண்டான். பாதிப் பாரம் அவன் தோளுக்கு வந்ததும் சொரிமுத்துவின் கைக்கு மறுபடியும் பலம் வந்தது. பத்து, ஒன்பது, எட்டு என்று ரஷீதா ஒவ்வொரு மாடியையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

கீழே பின்வாசலில் கார்கானிஸ் நின்றிருந்தார். அவருடைய ஷாமியானா தரையில் கிடந்தது, அதன்மேல் தீயணைப்பு வண்டி நின்றது. அவர் நிலைகுலையவில்லை. கையில் ஸ்டாப்வாட்ச் இருந்தது.

"நில்லுங்கள். நீங்கள் எந்தப் படி வழியாக வந்தீர்கள்? இந்தப் படி வரைபடத்திலேயே இல்லையே. இவர் யார்?"

"1704" என்றார் சொரிமுத்து.

"1704 ஏற்கெனவே வந்தாகிவிட்டது. ஒரே ஆளை இரண்டு தடவை மீட்டால் கணக்கு இடிக்கும்."

அதற்குள் பிரமுகர் வந்துவிட்டார். சேரில் கட்டிவைத்த, முகமெல்லாம் கரி படிந்த பெண்ணைப் பார்த்து அவர் உருகிப்போனார். காலையிலிருந்து பார்த்ததிலேயே இதுதான் சிறந்த நடிப்பு என்று சொல்லி, தன் கையிலிருந்த பூங்கொத்தை அவள் மடியில் வைத்தார். நாகலக்ஷ்மி அதன் மேலேயே கறுப்பாக இருமித் துப்பினாள்.

யாரும் சாகவில்லை. தண்டேலும் ஆட்களும் தீயைப் பதின்மூன்றாவது மாடியோடு நிறுத்திவிட்டார்கள். புகை குடித்த ஒன்பது பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நாகலக்ஷ்மியின் இடுப்புத் தகடு அசையவில்லை என்று எக்ஸ்ரேயில் தெரிந்த பிறகுதான் சொரிமுத்து வாய்விட்டு அழுதார், ஆஸ்பத்திரி நடையில், ரஷீதாவின் புருஷன் வாங்கித் தந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு. மறுவாரம் ஞானதுரை தானே ஆள் வைத்து டக்ட்டை மாற்றினார். வாஷிங்மிஷினை அப்புறப்படுத்தினார். சொரிமுத்துவைப் பார்த்தால் மட்டும் போனை எடுத்துப் பேசுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து மையத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. மரணம் எண் மூன்று தன் இடத்தைவிட்டு எழுந்தது ஏன், சொசைட்டியின் கிரிலைக் கழற்றியது ஏன், மீட்கப்பட்ட நபரை அனுமதியின்றி மீண்டும் மீட்டது ஏன் என்று விசாரணை. மையத்தின் அலுவலகம் செம்பூரில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் பதினான்காவது மாடியில். நாகலக்ஷ்மி அப்போது வாக்கரைப் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தாள். நானும் வருவேன் என்றாள். "ரெண்டாந்தடவை மீட்டது என்னையத்தானே?"

நீள மேசைக்கு அந்தப் பக்கம் கமிட்டி உறுப்பினர்கள் மூன்று பேரும் கார்கானிஸும் இருந்தார்கள். மேசையில் பிஸ்கட் தட்டு. ஓரத்தில் பதிவேட்டோடு உமாமகேஸ்வரி. ஒரு பக்கத்தைக் கோடு போட்டுக் கெடுத்ததற்காக அவளுக்கும் தனியாக ஒரு நோட்டீஸ் வந்திருந்தது.

கார்கானிஸ் எழுந்து பேசினார். "ஒத்திகை முழு வெற்றி. திட்டமிட்ட தீ திட்டமிட்ட நேரத்தில் அணைக்கப்பட்டது. அதே சமயத்தில் வேறொரு தீ ஏற்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அதுபற்றி மையத்துக்கு எந்த முன்னறிவிப்பும் வரவில்லை. முன்னறிவிப்பில்லாமல் வருகிற தீக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பேற்க முடியும்? நாளைக்கு எல்லாத் தீயும் இப்படியே வர ஆரம்பித்தால், ஆயத்தம் என்பதற்கே அர்த்தமில்லாமல் போய்விடும்."

மூன்று பேரும் தலையாட்டினார்கள். நடுவில் இருந்தவர் சொரிமுத்துவிடம் ஒரு தாளைத் தள்ளினார். குழப்பத்துக்குத் தானே காரணம் என்று ஒப்புக்கொண்டு அதில் கையெழுத்துப் போட்டால் மேல்நடவடிக்கை கிடையாது.

சொரிமுத்து பேனாவைத் தொடவில்லை. "நான் வாடை அடிக்கின்னு சொன்னேன் சாஹேப். இந்தப் பொண்ணு அடுத்த வருஷத்துக்குன்னு எழுதிக்கிட்டாவ. அந்தத் தாளையும் எடுத்து வைங்க. ரெண்டையும் சேத்துப் படிப்போம்."

நாகலக்ஷ்மி அவர் சட்டையை இழுத்தாள். "நான் ஒண்ணு கேட்கணும், அவியகிட்டச் சொல்லுங்க. லிஃப்ட்டை விட்டு எறங்கும்போதே தேடினேன், கண்ணுல படல. இந்தக் கட்டடத்துல படி எங்கன இருக்கு?"

அவர் இந்தியில் சொன்னார்.

"இருக்கும்" என்றார் நடுவில் இருந்தவர்.

"எங்க?"

அவர் இடதுபக்கத்தவரைப் பார்த்தார். அவர் வலதுபக்கத்தவரைப் பார்த்தார். மூன்று பேரும் கார்கானிஸைப் பார்த்தார்கள். கார்கானிஸ் ஜன்னலைப் பார்த்தார். அது திறக்கிற ஜன்னல் இல்லை, ஒரே கண்ணாடி. வலதுபக்கத்தவர் எழுந்து, "இதோ பார்த்துவிட்டு வருகிறேன்" என்று வெளியே போனார். நேரமாகியும் திரும்பவில்லை. நடையில் கதவுகளைத் திறந்து திறந்து சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. இடதுபக்கத்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனார். நடுவில் இருந்தவர் தன் பையையும் போனையும் எடுத்துக்கொண்டு, போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார். கார்கானிஸ் இரண்டு நிமிஷம் தனியாக உட்கார்ந்து பார்த்தார். பிறகு நாற்காலி கிறீச்சிட எழுந்து, கிட்டத்தட்ட ஓட்டமாக, லிஃப்ட் பக்கம் போனார்.

மேசைக்கு அந்தப் பக்கம் நான்கு காலி நாற்காலிகள். நாகலக்ஷ்மி கையை நீட்டி ஒரு பிஸ்கட் எடுத்தாள்.

உமாமகேஸ்வரி பதிவேட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். "ஆன்ட்டி, உங்க வாக்குமூலமா நான் என்ன எழுதட்டும்?"

"எல்லாரும் போயிட்டாவ" என்றாள் நாகலக்ஷ்மி. "நாம மூணு பேரும்தான் இருந்தோம்னு எழுதும்மா."